மூன்றாம் மாடியில் அணையாத கணினி

அந்த மெத்தைக் கம்பெனியில் அப்டேட் அக்கா மாடிப்படி ஏறி வருகிறாள் என்று தெரிந்தால் போதும், ஒருவருக்குத் தண்ணீர் தாகம் எடுக்கும். இன்னொருவருக்கு அவசர போன் வரும். மூன்றாமவர், பஞ்சு மூட்டை வந்துவிட்டதா பார்க்க வேண்டும் என்று கிடங்குப் பக்கம் கம்பி நீட்டிவிடுவார். அவள் வந்து சேரும்போது நாற்காலி மட்டும் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். அவள் இருக்கையைத் தொட்டுப் பார்ப்பாள். "சூடு ஆறல. இங்கதான் எங்கயோ இருக்கீங்க. நான் போயிட்டுத் திரும்பி வருவேன்" என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போவாள்.

இதற்கெல்லாம் அவள் கோபித்துக்கொள்வதில்லை. அவளுடைய வேலையே அப்படிப்பட்டது. கம்பெனியில் இருக்கும் ஒவ்வொரு கணினியிலும் புதிதாக வந்த அப்டேட்டுகள் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் ஏற்ற வேண்டும். ஏறியிருந்தாலும், கணினியை ஒருமுறை அணைத்து மறுபடி தொடங்கினால்தான் வேலை முழுதாக முடியும். அணைப்பது என்றாலே யாருக்கும் மனசு வராது. "இப்ப வேணாம்க்கா, ஒரு மெயில் அனுப்பிடுறேன்" என்பார்கள். அந்த மெயில் சாயங்காலம் வரை போய்க்கொண்டே இருக்கும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவள் அதே கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை, ஒரு மின்விசிறி, காதில் மாட்டும் கருவி. அவள் குரல் எல்லாருக்கும் தெரியும், முகம் யாருக்கும் தெரியாது. மெத்தை நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது என்று கொதித்துக்கொண்டு கூப்பிடுகிறவர்கள்கூட அவள் "வணக்கம், சொல்லுங்க" என்றதும் பாதி ஆறிவிடுவார்கள். பிறகு ஆளுக்கொரு கைபேசி வந்தது. அவளுடைய டெலிபோன் இணைப்புப் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்குப் போகச் சொல்லப்போகிறார்கள் என்று அவள் சாப்பாட்டுப் பையைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். கூப்பிட்டுக் கேட்டதோ வேறு கேள்வி. "கம்ப்யூட்டர் பிரிவுல ஓர் ஆள் வேணும், போறீங்களா?" என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னாலேயே அவள் சரி என்று சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவளுடைய கணவர் சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறியது. அவர் நகரப் பேருந்து ஓட்டுநர்.

"கம்ப்யூட்டரா? உனக்கு டிவி ரிமோட்டே தகராறாச்சே!"

"அது எப்பவும் உங்க கையிலயே இருந்தா எனக்கு எப்படிப் பழகும்?" என்றாள்.

கணினிப் பிரிவின் தலைவர் அவளைவிட வயதில் சிறியவர். கழுத்தில் எப்போதும் ஒரு கேபிள் மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருப்பதால் அவருக்கு ஒயர் தம்பி என்று பெயர். முதல் நாளே அவர் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். "திரையில பச்சை டிக் இருந்தா நம்பிடாதீங்க அக்கா. கீழே சின்ன எழுத்துல, கடைசியா எப்போ சரிபார்த்ததுன்னு இருக்கும். அது போன வருஷத் தேதியா இருந்தா டிக் பொய் சொல்லுது."

"புரியுது. எப்ப கேட்டாலும் நல்லா இருக்கேன்னு சொல்றவங்க மாதிரி. எப்ப கேட்டதுக்கு அந்தப் பதில்னு பார்க்கணும்" என்றாள்.

ஒயர் தம்பி அதற்குமேல் பெரிதாக எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் முதல் வாரத்திலேயே ஒரு கூத்து நடந்தது. கீழ்த்தளத்தில் இருக்கும் விற்பனைக் கூடத்தில், விற்பனைப் பெண் ஒரு தம்பதிக்கு மெத்தை காட்டிக்கொண்டிருந்தாள். கணினி சும்மாதானே இருக்கிறது என்று இவள் அதை அணைத்துத் தொடங்கிவிட்டாள். அரைமணி நேரமாகப் பேசிப் பேசி விற்பனைப் பெண் தட்டச்சு செய்து வைத்திருந்த பில் காற்றோடு போனது. "அக்கா, என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க!" என்று அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். எழுந்து போகவும் இவளுக்கு மனசில்லை. கணினி திரும்பி வரும்வரை பக்கத்திலேயே குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்க முடியாமல், "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். தன் மாமியார் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று பக்கத்து வீட்டுக் கேட்டை இடித்துச் சாய்த்த கதையை அந்தப் பெண் சொல்ல ஆரம்பித்தாள். கதை முடிவதற்குள் கணினி வந்துவிட்டது. "முழுசும் சொல்லிட்டுத்தான் நீ பில் போடணும்" என்றாள் இவள். மெத்தை வாங்க வந்த தம்பதியும் கேட்டை யார் கட்டிக்கொடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டுதான் பணம் கட்டினார்கள்.

அன்றிலிருந்து இரண்டு பழக்கங்கள் அவளோடு ஒட்டிக்கொண்டன. அணைப்பதற்கு முன்னால் "சேவ் பண்ணியாச்சா?" என்று இரண்டு தடவை கேட்பாள். அணைத்த பிறகு, திரும்பி வரும்வரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். திரையில் வட்டம் சுற்றும். சுற்றும்போது மனிதர்கள் பேசுவார்கள். கொள்முதல் பிரிவுக்காரர் இந்த வயதில் நீச்சல் கற்றுக்கொள்வதும், லாரிகளை அனுப்பும் பெண்ணுக்கு வீட்டில் பூனைக்குட்டிகளை வைத்துச் சமாளிக்க முடியாததும், தையல் பிரிவு மேற்பார்வையாளர் பூனைக்குட்டி தேடிக்கொண்டிருப்பதும் இப்படித்தான் அவளுக்குத் தெரியவந்தன. பூனை அடுத்த வாரமே வீடு மாறியது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பெரிய ஓட்டல் நிறுவனம் ஒன்று கம்பெனியைத் தேடி வந்தது. அவர்களுடைய எல்லா ஓட்டல்களிலும் எல்லா அறைகளுக்கும் புது மெத்தை போட வேண்டுமாம். முதலாளிக்கு வாயெல்லாம் பல். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. இரண்டு நிறுவனங்களின் கணினிகளும் ஒன்றோடொன்று பேசப்போவதால், மெத்தைக் கம்பெனியின் எல்லாக் கணினிகளிலும் அப்டேட்டுகள் சரியாக ஏறியிருக்க வேண்டும். ஒன்றுகூடப் பழசாக இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை அவர்களுடைய ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார்.

முதலாளி அவளையும் ஒயர் தம்பியையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"முடிஞ்சிடுமாம்மா?"

"முடிச்சிடலாம் சார். ஆனா எல்லாரையும் ஓடாம உட்காரச் சொல்லுங்க."

முதலாளி சொன்னார். அந்த வாரம் யாருக்கும் தாகம் எடுக்கவில்லை. புதன்கிழமை மாலைக்குள் எல்லாக் கணினிகளும் முடிந்துவிட்டன, ஒன்றைத் தவிர. அது மூன்றாம் மாடியில், கணக்குப் பிரிவு மேலாளர் மேசையில் இருந்தது.

அந்த மேலாளருக்கு உம் சார் என்று பெயர். நல்ல உயரம், நல்ல பருமன், சட்டைப் பையில் வரிசையாகப் பேனாக்கள். எதைக் கேட்டாலும் "உம்" என்ற ஒரு பதில்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அது சம்மதமா மறுப்பா என்று தெரியாமல் விழிப்பார்கள். அப்டேட் அக்காவுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. ஆபரேட்டராக இருந்த காலம் முழுக்க அவருக்கு இணைப்புக் கொடுத்தவள் அவள். போனைக் கொடு என்பதற்கு ஓர் உம், பிறகு பேசச் சொல் என்பதற்கு ஓர் உம், நான் இல்லை என்று சொல்லிவிடு என்பதற்குக் கொஞ்சம் இழுத்த உம். எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

உம் சார் மற்றவர்கள் மாதிரி ஓடியதில்லை. அசையாமல் உட்கார்ந்திருப்பார். காலையில் எல்லாருக்கும் முன்னால் வருவார், எல்லாரும் போன பிறகு போவார். கணினியை மட்டும் அணைக்கவே மாட்டார். திரையின் கீழ் மூலையில் ஒரு காலண்டர் தாளை ஒட்டி வைத்திருந்தார். அப்டேட் அறிவிப்பு எட்டிப் பார்க்கும் மூலை அது. மேசைக்கு அடியில் சொந்தமாக ஒரு பேட்டரிப் பெட்டி. சுவரில் இருந்த சுவிட்சுக்கு மேலே சிவப்பு மையில், தொடாதே என்று எழுதியிருந்தது. "அந்தப் பக்கம் நான் விளக்குமாத்தைக்கூடக் கொண்டு போக மாட்டேன்கா" என்று கூட்டிப் பெருக்கும் அம்மாள் சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், நாளைக்குச் சோதனை. உங்களோடது மட்டும்தான் பாக்கி. ஒரு தடவை அணைச்சுத் தொடங்கிடலாமா?"

"உம்."

அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். இது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. அந்த உம்மின் வால் பக்கம் லேசாக நடுங்கியது. இப்படி ஓர் உம்மை அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறாள். பல வருஷங்களுக்கு முன்னால், "ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிடுறாங்க சார்" என்று அவள் இணைப்புக் கொடுத்தபோது வந்த உம் அது. அன்று அவர் மனைவிக்கு அறுவை சிகிச்சை.

மேற்கொண்டு வற்புறுத்தாமல் அவள் கீழே இறங்கி வந்துவிட்டாள். ஒயர் தம்பி கையைப் பிசைந்தார். "நான் இங்கிருந்தே அணைச்சு விட்டுடட்டுமா அக்கா?"

"வேணாம் தம்பி. அந்த மனுஷன் எதுக்கோ பயப்படுறாரு. என்னன்னு தெரியாம கை வைக்க வேணாம்."

வீட்டுக்குப் போயும் அதே நினைப்புதான். சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள்.

"பிளக்கைப் புடுங்கி விட்டுட்டு, எலி கடிச்சிடுச்சுன்னு சொல்லிடு" என்றார் அவர்.

"விளையாடாதீங்க. பெரிய மனுஷன், குரல் நடுங்குது."

கணவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தானாகவே சிரிக்க ஆரம்பித்தார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லல. புது பஸ் வந்துச்சே, அதுல நம்பர் போட்டாத்தான் வண்டி கிளம்பும். ஒருநாள் எனக்கு அந்த நம்பர் சுத்தமா மறந்துடுச்சு. யார்கிட்ட கேக்குறது? மானம் போயிடும். வயித்து வலின்னு சொல்லிட்டு டிப்போவுல படுத்துட்டேன். எல்லாரும் மாறி மாறி மோர் வாங்கிக் கொடுத்தாங்க."

அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கை பாதியில் நின்றது. "அதேதான்!" என்றாள்.

"எது?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு நான் சீக்கிரம் போகணும்."

வெள்ளிக்கிழமை அவள் போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் மாடியில் உம் சார் ஒருவர்தான் இருந்தார். அவள் நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், யாரும் இல்ல, அதான் கேக்குறேன். பாஸ்வேர்டு மறந்து போச்சா?"

உம் சார் திரும்பிப் பார்த்தார். முகம் சிவந்தது. சட்டைப் பையில் இருந்த பேனாக்களை ஒரு தடவை சரிசெய்தார். பிறகு, அத்தனை வருஷமாக அவள் கேட்டிராத நீளத்தில் பேசினார்.

"ஒருநாள் பாஸ்வேர்டை மாத்துன்னு மிஷினே கேட்டுச்சும்மா. என்னத்தையோ அடிச்சேன். அடிச்சு முடிக்கவும் போன் வந்துச்சு. பொண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்குன்னு மாப்பிள்ளை சொன்னாரு. அப்படியே போட்டது போட்டபடி ஓடிட்டேன். மறுநாள் வந்து உட்காருறேன், என்ன அடிச்சேன்னு சத்தியமா ஞாபகம் இல்ல. நல்லவேளை, மிஷின் திறந்தபடியே இருந்துச்சு. அணைச்சாத்தானே கேக்கும்? அதான் அணைக்கல."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே சார்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "எப்படிச் சொல்றது? அதுக்கு முந்தின வாரம்தான் எல்லாருக்கும் சுற்றறிக்கை அனுப்பினேன். பாஸ்வேர்டை மறக்கிறவங்க பொறுப்பு இல்லாதவங்கன்னு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். "சார், நான் புதுசா ஒண்ணு போட்டுத் தர்றேன். ரெண்டு நிமிஷ வேலை."

"ரெண்டு நிமிஷமா?" அவர் எழுந்தே நின்றுவிட்டார். "இத்தனை மாசமா நான் தூங்கலம்மா! மெத்தைக் கம்பெனியில வேலை பார்த்துட்டுத் தூங்கல!"

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு நொடி தயங்கிவிட்டு அவரும் சிரித்தார். சிரிக்கும்போது உம் சாருக்குக் கன்னத்தில் குழி விழும் என்பது அந்தக் கம்பெனியில் அதுவரை யாருக்கும் தெரியாது.

அவள் புதுக் கடவுச்சொல்லை வைத்துக் கொடுத்தாள். அவர் அதை நாலைந்து தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சேவ் பண்ணியாச்சா?" என்று கேட்டாள். பண்ணியாச்சு. மறுபடி கேட்டாள். மறுபடியும் பார்த்தார். காலண்டர் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அவரே பொத்தானை அழுத்தினார். பல மாத அப்டேட்டுகள் மொத்தமாகச் சேர்ந்திருந்தன. திரை கறுத்து, நீலமாகி, வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அது சுற்றிக்கொண்டே இருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். உம் சார் கைபேசியை எடுத்துப் பேத்தியின் படங்களைக் காட்டினார். குளிக்கிற பேத்தி, கொட்டாவி விடுகிற பேத்தி, தாத்தாவின் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுக்கிற பேத்தி. "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று அவர் சொல்லச் சொல்ல, கணக்குப் பிரிவே அவரைச் சுற்றி நின்று வாய் பிளந்து கேட்டது. குழந்தையைப் பார்த்தார்களா, அவர் பேசுவதைப் பார்த்தார்களா என்று சொல்ல முடியாது.

அப்போதுதான் ஒயர் தம்பி மூச்சு வாங்க மேலே ஓடி வந்தார். "அக்கா, ஆய்வாளர் வந்துட்டாங்க! பத்து மணிக்குன்னு சொல்லிட்டு இப்பவே வந்து நிக்கிறாங்க. கீழே எல்லாம் பார்த்துட்டாங்க. படியேறுறாங்க!"

திரையில் சதவீதம் முப்பதைத் தாண்டாமல் முரண்டு பிடித்தது. "மின்சாரம் போயிடுச்சுன்னு சொல்லிடலாமா?" என்று ஒயர் தம்பி காதோடு கேட்டார். விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆய்வாளர் உள்ளே வந்தார். முப்பது வயதுப் பெண், முதுகில் பை, முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. நேராக அந்தத் திரையைத்தான் பார்த்தார்.

"இது?"

"இது ஒண்ணுதான் மேடம் பாக்கி. இப்பத்தான் ஓடிட்டிருக்கு. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. நீங்க சரின்னா உட்காருங்க, முடிஞ்சதும் நீங்களே பார்த்துக்கலாம்" என்றாள் அப்டேட் அக்கா, பழைய ஆபரேட்டர் குரலில்.

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பிப் போய்விடுவாரோ என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, உம் சார் தன்னுடைய நாற்காலியையே எடுத்து அவருக்குப் போட்டார்.

"தாமதத்துக்கு நான்தான்மா காரணம்" என்றார், அத்தனை பேர் முன்னாலும். "பாஸ்வேர்டை மறந்துட்டேன். சொல்ல வெட்கப்பட்டு மாசக்கணக்கா அணைக்காமயே வச்சிருந்தேன். இந்தம்மா காலையில வந்து கேட்டாங்க, சொல்லிட்டேன்."

ஆய்வாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையை முதுகிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். "எங்க தலைமை அலுவலகத்துல இந்த மாதிரி எத்தனை பேர் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாது சார். ஆனா ஒருத்தர்கூட வாயைத் திறந்து சொன்னதில்ல."

"அப்ப இந்தக் குழந்தையைப் பாருங்க" என்று உம் சார் கைபேசியை நீட்டினார்.

சதவீதம் முப்பதிலிருந்து எழுபதுக்கு ஒரே தாவாகத் தாவியதை யாரும் கவனிக்கவில்லை. கணினி இரண்டு தடவை தானாக அணைந்து எழுந்து, கடைசியில் கடவுச்சொல் கேட்டது. உம் சார் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். திறந்தது. பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். ஆய்வாளர் அப்டேட் பக்கத்துக்குப் போனார். பச்சை டிக் இருந்தது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை. விரலைக் கீழே கொண்டுபோய்ச் சின்ன எழுத்தைப் படித்தார். அன்றைய தேதி. பிறகு பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் ஏறியிருந்தன.

"சரியா இருக்கு" என்றார்.

மத்தியானத்துக்குள் முதலாளிக்குத் தகவல் வந்துவிட்டது. ஒப்பந்தம் உறுதி. அவர் மூன்று மாடிகளுக்கும் இனிப்பு வாங்கி அனுப்பினார். உம் சார் அதே நாளில் இன்னொரு சுற்றறிக்கை அனுப்பினார். பழைய சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுவதாகவும், பாஸ்வேர்டை மறந்தவர்கள் தயங்காமல் அப்டேட் அக்காவைப் பார்க்கலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. திங்கட்கிழமை காலையில் அவள் மேசைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். ஒயர் தம்பி தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, தானும் மெதுவாகக் கடைசியில் வந்து சேர்ந்துகொண்டார்.

ஆய்வாளர் அன்று கிளம்பும்போது படிக்கட்டில் நின்று அவளிடம் தனியாக ஒன்று கேட்டிருந்தார். "என்னைப் பார்த்தா எங்க ஆளுங்க பேசவே மாட்டேங்குறாங்க. நீங்க ஒரு நாள் எங்க ஓட்டலுக்கு வர முடியுமா? சும்மா, கூட இருந்து பாருங்க."

"மேடம், எனக்குப் பெருசா கம்ப்யூட்டர் தெரியாது."

"கம்ப்யூட்டர் எனக்குத் தெரியும். மத்தது தெரியல."

அடுத்த மாதம் அவள் போனாள். கணவர் தன் பேருந்திலேயே ஏற்றிக்கொண்டுபோய் ஓட்டல் வாசலில் இறக்கிவிட்டார். இறங்கும்போது, "பெரிய ஆபீசர் இறங்குறாங்க, வழி விடுங்க" என்று பேருந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரை முறைத்துவிட்டு இறங்கினாள்.

ஓட்டலின் அடித்தளத்தில் சலவைப் பிரிவு இருந்தது. ஒரே ஆவி, சூடான போர்வை வாசனை, மலை மாதிரி குவிந்த தலையணை உறைகள். நடுவில் ஒரு பழைய கணினி. அதற்கு முன்னால் சலவை மேற்பார்வையாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆய்வாளரைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

"இப்ப அணைக்க முடியாதுங்க. நிறைய வேலை இருக்கு."

அப்டேட் அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். நாற்காலி இல்லை. மடித்து வைத்திருந்த போர்வைக் கட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். இன்னொரு கட்டைத் தட்டி அவருக்கும் இடம் காட்டினாள்.

"அது கிடக்கட்டும் அண்ணே" என்றாள். "இவ்வளவு சூட்டுல நாள் முழுக்க நிக்கிறீங்களே, கால் வலிக்கலையா?"

மேற்பார்வையாளர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "அதை ஏன் கேக்குறீங்க" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.